கட்டில் வேலி

“உங்க வீட்ல எதுல படுப்பீங்க?” என்று சித்தார்த்தன் என்னிடம் கேட்டார்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய கதை. சித்தியின் பிரசவத்துக்குத் துணையாக நான் நிறைகுடம் அறக்கட்டளை மருத்துவமனையில் இருந்தேன். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டு நின்றதிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் துணைக்குப் போவது நான்தான். மருத்துவமனை விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது. கீழே இலவச வார்டு, மேல்மாடியில் கட்டண அறைகள். இலவச வார்டை இடித்துவிட்டு, நோயாளிகளின் வாழ்க்கைச் சூழலுக்கு ஏற்றபடி புதிதாகக் கட்டப் போகிறார்கள் என்று சொன்னார்கள். அந்தச் சூழல் எது என்று அறிவதற்காகச் சென்னையிலிருந்து வந்திருந்த கட்டடக் கலைஞர் சித்தார்த்தன். கதர் ஜிப்பா போட்டிருந்தார். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு வார்டுக்குள் நடந்தார். வார்டுக்குள் வெறுங்காலோடு நடந்தவர் அவர் ஒருவர்தான்.

எனக்கு முன்னால் நாற்பது பேரிடம் அவர் பேசியிருந்தார். கக்கூஸில் தாழ்ப்பாள் இல்லை, மின்விசிறி ஓடவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று நாற்பது பேரும் சொன்னார்கள். ‘சூழலுக்குத் தொடர்பில்லாத பதில்கள்’ என்று ஒரு பக்கத்துக்குத் தலைப்பு வைத்து எல்லாவற்றையும் அதில் எழுதிக்கொண்டார். நாற்பத்தோராவது ஆள் நான்.

“பாய்லங்க,” என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற உதவியாளரிடம், “கேட்டியா? ஒரே வார்த்தை,” என்றார். ‘பாய்’ என்று எழுதி மூன்று கோடு போட்டார். ‘கட்டில் வாங்க வழியில்லாததால’ என்ற மிச்சம் என் தொண்டை வரை வந்தது. அதற்குள் அவர் கும்பிட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

இந்த வருடம் நிலக்கடலைக் காட்டில் மல்லாட்டை பிடுங்கும் வேலைக்குப் போன அம்மா, வேலை முடிந்து திரும்பும்போது டிராக்டரிலிருந்து கெடார் ரோட்டில் விழுந்துவிட்டாள். இடுப்புக்குக் கீழே தொடை எலும்பு இரண்டாக முறிந்துவிட்டது. அண்ணன் செல்வகுமார் தன்னுடைய குட்டியானை சரக்கு வண்டியிலேயே போட்டு நிறைகுடத்துக்குக் கொண்டுவந்தான்.

வாசலில் வாட்ச்மேன் பூமாலை வண்டியை நிறுத்தினார். “உள்ள மோட்டார் வண்டி போவக் கூடாது. இது சூழல் வளாகம்,” என்றார்.

“எலும்பு ஒடஞ்சி கெடக்குது அண்ணே.”

“போர்டப் படி.”

பலகையில் ‘மண்வாசம் உள்நோயாளர் வளாகம். மாட்டு வண்டிகளுக்கு மட்டும் அனுமதி’ என்று எழுதியிருந்தது. எங்களிடம் மாட்டு வண்டி இல்லை. பூமாலையிடமும் இல்லை. கடைசியில் செடிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் தள்ளுவண்டியில் அம்மாவைப் படுக்கவைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனோம்.

வார்டைப் பார்த்ததும், வலியில் முனகிக்கொண்டிருந்த அம்மா முனகுவதை நிறுத்தினாள்.

“இன்னாடி இது, ஆஸ்பத்திரின்னு சொல்லிட்டு நெல்லு அவிக்கிற எடத்துக்கு இஸ்துக்கினு வந்துட்ட?”

சுவருக்கு மண் பூசியிருந்தார்கள். வாசல்களுக்குக் கதவு இல்லை, ‘கிராமத்து வீடு என்றும் திறந்தே இருக்கும்’ என்பதால். தரை சாணி மெழுகியது போலத் தெரிய வேண்டும் என்று சொரசொரப்பாக விட்டிருந்தார்கள். அந்தச் சொரசொரப்பில் போன வாரத்து இரத்தம் கருப்பாக உட்கார்ந்திருந்தது. துடைத்தால் துணிதான் கிழிந்தது. தரையில் வரிசையாக இருபத்து நான்கு கோரைப் பாய்கள் விரித்திருந்தன. ஒவ்வொரு பாயிலும் ஒரு மனிதர். ஒரு கட்டில்கூட இல்லை.

வார்டுக்கு நடுவில் ஒரு வாய்க்கால் ஓடியது. கை கழுவும் இடத்தில் தொடங்கி எதிர்ப்பக்கத்துச் சாக்கடையில் முடிந்தது. ‘நீரின் ஓசை நோய் தீர்க்கும்’ என்று பக்கத்தில் பலகை வைத்திருந்தார்கள். யாரோ துப்பிய வெற்றிலைச் சாறு, புண்ணிலிருந்து எடுத்த பஞ்சு, இட்லித் துண்டு, சிறு பிள்ளைகளைக் கழுவிவிட்ட தண்ணீர் எல்லாம் அதில் மெல்ல வந்துகொண்டிருந்தன. அம்மாவுக்குக் கிடைத்த பாய்க்கும் வாய்க்காலுக்கும் இடையில் ஒரு முழம். கொசுக்களுக்குச் சூழல் பிடித்திருந்தது. எலும்பு முறிந்து வந்தவர்களில் ஆறு பேர் இப்போது காய்ச்சலுக்கும் சேர்த்து ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வார்டு ஆயா சவுரியம்மாள் தன் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு சொன்னார். “பினாயில் ஊத்தக் கூடாதாம் பாப்பா. வெட்டிவேர் போடச் சொல்லிக்கீறாங்க. பீ மேல வெட்டிவேர் போட்டா அது இன்னா சாம்பிராணியா ஆவும்?”

எலும்பு மருத்துவர் காந்திமதி மறுநாள் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை செய்து பிளேட் வைத்தார். மூன்றாம் நாள் பார்க்க வந்தார். ஒவ்வொரு பாயருகிலும் மண்டியிட்டு, எழுந்து, மறுபடி மண்டியிட்டுத்தான் அவரால் நோயாளிகளைப் பார்க்க முடிந்தது. முழங்கால் வலிக்கிறது என்று அவர் எழுதிக் கொடுத்ததற்கு நிர்வாகம் தென்னை நார் திண்டு இரண்டு கொடுத்திருந்தது. அதை முழங்காலில் கட்டியிருந்தார்.

“தையல்நாயகி, மூணு மாசத்துக்குத் தரையில உக்காரக் கூடாது. குத்துக்கால் வைக்கவே கூடாது. தரையிலேருந்து எழுந்திரிக்கவும் கூடாது. பிளேட் நகந்துச்சுன்னா மறுபடி அறுக்கணும். அப்புறம் நடக்குறதுக்கு நான் உத்தரவாதம் குடுக்க முடியாது,” என்றார்.

அம்மா தரையில் படுத்தபடியே கேட்டுக்கொண்டாள். “சரிங்க டாக்டரம்மா. இப்ப எங்க உக்காரட்டும்?”

டாக்டர் திண்டை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுத்த பாய்க்கு நகர்ந்தார்.

கழிப்பறை முற்றத்தைத் தாண்டி எண்பத்து மூன்று அடி தூரத்தில் இருந்தது. கிராமத்தில் கழிப்பறை வீட்டை விட்டுத் தள்ளித்தான் இருக்கும் என்பது ஆய்வில் தெரியவந்ததாம். உள்ளே குத்துக்கால் வைத்து உட்காரும் பீங்கான். அம்மாவை எழுப்ப மூன்று பேர் வேண்டும். இடுப்புக்கு அடியில் புடவையைக் கொடுத்து, நானும் சவுரியம்மாளும் பக்கத்துப் பாய்க்காரரின் மனைவி ஜெயமும் தூக்குவோம். ஒவ்வொரு தூக்குக்கும் அம்மாவின் முகம் வெள்ளையாகிவிடும். படுத்தபடி பெட்பேன் வைத்தாலும் இடுப்பைத் தூக்கத்தான் வேண்டும்.

இரண்டாவது முறைக்குப் பிறகு அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள்.

“தண்ணி வேணாம்டி.”

“மாத்திரை போடணும்மா.”

“நாக்குலயே வச்சு முழுங்கிக்கறேன். தண்ணி குடிச்சா எழுந்திரிக்கணும். எழுந்திரிச்சா பிளேட்டு நவுந்துரும். நீ உன் வேலையப் பாரு.”

அவள் உதடு வெடித்துத் தோல் உரிந்தது. நான் ஈரத் துணியை உதட்டில் வைப்பேன். அதைக்கூட உறிஞ்சாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஜெயத்தின் கணவர் பெரியதம்பி விக்கிரவாண்டிப் பக்கம் லாரி ஓட்டுபவர். அவருக்கும் தொடையில்தான் முறிவு. காலில் கயிறு கட்டி, கயிற்றின் முனையில் எடைக்கல் தொங்கவிட வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார். கட்டில் இருந்தால் கல் கால்மாட்டில் அந்தரத்தில் தொங்கும். தரையில் கிடக்கும் மனிதனின் காலில் கட்டிய கல் எங்கே தொங்கும்? நிர்வாகத்தில் இரண்டு நாள் கூட்டம் போட்டார்கள். மூன்றாம் நாள் கொத்தனார் வந்து பெரியதம்பியின் கால்மாட்டில் மூன்றடி ஆழத்துக்குக் குழி தோண்டினார். கல்லை அதற்குள் இறக்கினார்கள்.

“இன்னாபா, ஆள் இருக்கும்போதே அளவெடுத்துத் தோண்டறீங்க?” என்று பெரியதம்பி கொத்தனாரைக் கேட்டார்.

“கால் அளவுதாண்ணே. மிச்சத்துக்கு ஆர்டர் வர்ல,” என்றார் கொத்தனார்.

சித்தார்த்தன் சென்னையிலிருந்து வந்து குழியைச் சுற்றி வந்து படம் எடுத்தார். “ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிணறு! நாங்க வரைபடத்துல யோசிக்கவே இல்ல. சூழல் தானாவே கேட்டு வாங்கிக்கிச்சு,” என்றார். மறுநாள் கதவில்லாத வாசல் வழியாக வந்த ஆடு ஒன்று பெரியதம்பியின் மருத்துவக் குறிப்பைத் தின்றுவிட்டு அந்தக் குழியில் விழுந்தது. ஆட்டைத் தூக்கினார்கள். குறிப்பு போனது போனதுதான். அவருக்கு என்ன மருந்து கொடுத்துவந்தார்கள் என்பதை அவரிடமே கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

பழைய கட்டில்கள் எங்கே போயின என்று நான் யாரையும் கேட்கத் தேவையிருக்கவில்லை. வார்டிலிருந்து பார்த்தாலே தெரிந்தன. இருபத்து நான்கு இரும்புக் கட்டில்களுக்கும் பச்சைப் பெயின்ட் அடித்து, நெட்டுக்குத்தாக நிறுத்தி, கம்பியால் ஒன்றோடொன்று கட்டி, முன்பக்கத்து மூலிகைத் தோட்டத்துக்கு வேலி போட்டிருந்தார்கள். வார்டுக்குள் வந்துபோன ஆடுகளால் தோட்டத்துக்குள் மட்டும் நுழைய முடியவில்லை. தூதுவளை நன்றாக இருந்தது.

அம்மா தண்ணீர் குடிப்பதில்லை என்பதை நான் டாக்டர் காந்திமதியிடம் சொன்னேன். சொல்லத் தைரியம் வர ஒரு நாள் முழுக்க ஆனது. அவர் என்னை அழைத்துக்கொண்டு நேராக நிர்வாகி கோதண்டபாணியின் அறைக்குப் போனார். அது மேல்மாடியில் இருந்தது. குளிரூட்டி ஓடியது. போகும் வழியில் கட்டண அறைகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் பொத்தானை அழுத்தினால் தலைமாடு உயரும் கட்டில்.

“சார், எனக்குக் கீழ ஒரு கட்டில் வேணும். ஒண்ணே ஒண்ணு,” என்றார் டாக்டர்.

கோதண்டபாணி கையிலிருந்த காபியைக் கீழே வைத்தார். “டாக்டர், கட்டில்ங்கறது மேற்கத்திய மனநிலை. இந்த மக்கள் ஆயிரம் வருஷமா மண்ணோட படுத்தவங்க. அவங்கள மண்ணுலேருந்து பிரிக்க நமக்கு என்ன உரிமை இருக்கு?”

“இந்த அம்மாவுக்குத் தொடை எலும்புல பிளேட் இருக்கு சார். அது மண்ணுலேருந்து எழுந்திரிச்சா நகரும்.”

“அப்ப எழுந்திரிக்க வேணாம்னு சொல்லுங்க.”

“ஒண்ணுக்குப் போகணுமே.”

“அது தனித் துறை. சுகாதாரக் குழுவுக்கு எழுதுங்க.”

“மேல பன்னெண்டு அறையிலயும் கட்டில் இருக்கே சார்.”

கோதண்டபாணி பொறுமையாகச் சிரித்தார். “அதான் சூழலுணர்வு. மேல இருக்கறவங்க பொறந்ததுலேருந்து மெத்தையில படுத்தவங்க. அவங்களத் தரையில போட்டா அவங்க பண்பாட்ட அவமதிச்ச மாதிரி. நம்ம நிறைகுடம் யாரோட பண்பாட்டையும் அவமதிக்காது. மேல இருக்கறவங்களுக்கு அவங்க சூழல், கீழ இருக்கறவங்களுக்கு அவங்க சூழல். சமத்துவம்னா வேற என்ன?”

பிறகு என்னைப் பார்த்தார். “இந்தப் பொண்ணு யாரு?”

“அந்த அம்மாவோட பொண்ணு.”

“பேரு?”

“புனிதா,” என்றேன்.

அவர் ஒரு கோப்பைப் புரட்டினார். அவர் முகம் மலர்ந்தது. “பாய்ப் பொண்ணு! அடடா, உன்னைத்தான் தேடிக்கிட்டிருந்தோம். வெள்ளிக்கிழமை கட்டடக்கலை விருது நடுவர் குழு வருது. நீ பேசணும்.”

கீழே இறங்கி வந்ததும் டாக்டர் காந்திமதி மருந்துச் சீட்டை எடுத்து எழுதினார். ‘இரும்புக் கட்டில் – 1. இரவும் பகலும். மூன்று மாதம்.’ கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து என்னிடம் கொடுத்தார். “என் அதிகாரத்துல இருக்கறது இது ஒண்ணுதான் பாப்பா,” என்றார். வெள்ளிக்கிழமை தேதி போட்டு, வீட்டுக்கு அனுப்பும் சீட்டையும் எழுதிக் கொடுத்தார். “இதுக்கு மேல இந்த வார்டுல வச்சிருந்தா உங்கம்மாவுக்குக் கிட்னி கெட்டுரும். வீட்ல கட்டில் இருக்கா?”

“இல்லங்க.”

அவர் வெளியே பார்த்தார். நானும் பார்த்தேன். வேலி வெயிலில் பளபளத்தது. 

மருந்தகத்தில் இருந்தவர் சீட்டைப் படித்தார். முகம் மாறவில்லை. பின்னால் போய் அலமாரியில் தேடிவிட்டு வந்து, ‘கையிருப்பு இல்லை’ என்று முத்திரை குத்திக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து வளாகம் அமளியாக இருந்தது. பிளாஸ்டிக் வாளிகளைப் பிடுங்கிக்கொண்டு மண்பானை கொடுத்தார்கள். வாய்க்காலில் தாமரைப் பூக்களை மிதக்கவிட்டார்கள். பூ போகும் வேகத்திலேயே பஞ்சும் போனது. பெரியதம்பியின் குழியைச் சுற்றிக் கோலம் போட்டார்கள்.

“செம்மண் இடலியா? சாமி குத்தம் ஆயிடப் போவுது,” என்றார் பெரியதம்பி.

நடுவர்கள் மூன்று பேர். தோட்டத்தில் பந்தல் போட்டு மைக் வைத்திருந்தார்கள். கோதண்டபாணி பேசினார்.

“ஏழைக்கு மருத்துவம் குடுக்கறது சுலபம். யார் வேணா குடுக்கலாம். ஏழையோட ஏழ்மைய மதிக்கறதுதான் கஷ்டம். அதை நாங்க சாதிச்சிருக்கோம். இங்க வர்ற நோயாளி, தன் வீட்டை விட்டு வந்த உணர்வே இல்லாம இருக்காரு. வீட்ல என்னென்ன இல்லையோ, அதெல்லாம் இங்கயும் இல்ல!”

கைதட்டினார்கள். அடுத்து சித்தார்த்தன் எழுந்தார். “இந்தக் கட்டடம் நான் வரைஞ்சதில்ல. ஒரு சிறுமி சொன்ன ஒரே வார்த்தையிலேருந்து முளைச்சது. அந்த வார்த்தைய அவ வாயாலயே கேப்போம்,” என்றார்.

சவுரியம்மாள் என் முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டார். மைக் என் வாயைவிட உயரத்தில் இருந்தது. சித்தார்த்தன் வளைத்துக் கொடுத்தார். முன்வரிசையில் எல்லோரும் புன்னகையோடு காத்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கதவில்லாத வாசல் வழியாக அம்மாவின் பாய் தெரிந்தது. அன்று காலையிலிருந்து அவள் உதட்டில் ஈரத் துணியும் படவில்லை.

“கட்டில்,” என்றேன்.

மைக் கீச்சென்றது.  வெள்ளை முடி வைத்திருந்த பெண் நடுவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, “இதுக்கு என்ன பொருள்?” என்று கேட்டார்.

“ஆய்வு பண்ணணும்,” என்றார் சித்தார்த்தன்.

“மைக் சரியில்ல,” என்றார் கோதண்டபாணி. “வாங்க, எல்லாரும் சாப்பிடலாம்.”

அவர்கள் மேல்மாடிக்குச் சாப்பிடப் போனதும் சவுரியம்மாள் இடுப்பில் செருகியிருந்த கத்தரிக்கோலை எடுத்தார். கட்டுத் துணி வெட்டும் கத்தரிக்கோல். வேலியின் முதல் கட்டிலில் சுற்றியிருந்த கம்பியை அதால் முறுக்கி அறுத்தார். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு வந்திருந்த அண்ணனும் கைகொடுத்தான்.

“கேட்ல பூமாலை விடமாட்டானே ஆயா?” என்றான் அண்ணன். “நேத்து தூக்குச்சட்டி கொண்டு போனதுக்கே பாஸ் கேட்டான்.”

“டாக்டரம்மா சீட்டு இருக்குதில்ல, அதக் காட்டுவோம். ஒத்துக்கலன்னா அப்பப் பாத்துக்கலாம். ஜல்தி புடி,” என்றார் சவுரியம்மாள்.

கட்டிலை வார்டுக்குள் கொண்டுவந்து அம்மாவைப் புடவையோடு தூக்கி அதில் கிடத்தினோம். கட்டில் உயரத்தில் படுத்ததும் அம்மா ஒரு பெருமூச்சு விட்டாள். வாய்க்கால் நாற்றம் அங்கே கொஞ்சம் குறைவாக இருந்தது. வெயில் கண்ணில் படாமலிருக்க அவள் முகத்தில் ஜெயம் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டார். கால் பக்கம் ஜெயமும் நானும், தலைப் பக்கம் அண்ணனும் சவுரியம்மாளும். தூக்கிக்கொண்டு நடந்தோம்.

பாதி வழியில் எதிரே வந்துவிட்டார்கள். சாப்பாடு முடிந்து, வாயில் வெற்றிலையோடு நடுவர்கள் மூவரும், அவர்களுக்குப் பின்னால் சித்தார்த்தனும் கோதண்டபாணியும்.

நாங்கள் நின்றுவிட்டோம். வெள்ளை முடி நடுவர் கட்டிலைப் பார்த்தார். துண்டு மூடிய முகத்தைப் பார்த்தார். வெற்றிலையை மென்று முழுங்கிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். மற்ற இருவரும் ஒதுங்கி நின்று கும்பிட்டார்கள்.

கோதண்டபாணியின் முகத்தில் வேர்த்தது. அது ஒரு நொடிதான். “இது எங்க கண்ணியமான விடைகொடுத்தல் முறை,” என்று மெல்லிய குரலில் தொடங்கினார். “வாழ்நாள் பூரா பாயில படுத்த மக்கள், கடைசிப் பயணத்துக்கு மட்டும் கட்டில்ல போவாங்க. அதுக்காகத்தான் அந்தக் கட்டில்களைத் தோட்டத்துல பத்திரமா நிறுத்தி வச்சிருக்கோம். காலையில அந்தப் பொண்ணு சொன்னாளே, கட்டில்னு. பாவம், அவளுக்குத் தெரிஞ்சிருக்கு.”

சித்தார்த்தனுக்கு மறுபடி கண் கலங்கியது. “இப்பப் புரியுது,” என்றார்.

“பெண்களும் தூக்கறாங்க!” என்றார் கேமரா வைத்திருந்த நடுவர். “இதை அவசியம் பதிவு பண்ணணும்.” படம் எடுத்தார். வெள்ளை முடி நடுவர் தனக்குக் கொடுத்த பூங்கொத்தை அம்மாவின் காலடியில் வைத்தார்.

பூங்கொத்து முறிந்த காலில் இடித்தது. அம்மாவின் கைவிரல்கள் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்தன. நான் பார்த்தேன்.  துண்டுக்கு அடியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் ஒரு வசவு வரும் என்று நினைத்தேன். வாய் திறந்தால் கெடார் ஏரிக்கரை வரை கேட்கும் குரல் அவளுக்கு. வரவில்லை. துண்டு மட்டும் மெல்ல ஏறி இறங்கியது.

“நடங்க,” என்று சவுரியம்மாள் பல்லைக் கடித்தபடி சொன்னார்.

பூமாலை எங்களைப் பார்த்ததும் எழுந்தார். பாஸ் கேட்கவில்லை. இரண்டு கதவுகளையும் அகலத் திறந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வெளியே நின்ற குட்டியானையில் கட்டிலை ஏற்றினோம்.

உள்ளே கோதண்டபாணியின் குரல் கேட்டது. “எல்லாரும் ஒரு நிமிஷம் மௌனமா நிப்போம்.”

நடுவர்கள், சித்தார்த்தன், கோதண்டபாணி, பூமாலை எல்லோரும் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். அம்மா துண்டை விலக்கினாள். என் பக்கம் கையை நீட்டினாள். வண்டியிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். அண்ணாந்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள். காலி பாட்டிலை என்னிடம் கொடுத்துவிட்டு, துண்டை மறுபடி முகத்தின்மேல் போட்டுக்கொண்டாள்.

ஒரு நிமிடம் முடிவதற்குள் அண்ணன் வண்டியை எடுத்துவிட்டான்.